நத்தை நாட்டுக்கு ஒரு வேலி

ஜப்பானிய ஓவியக் கதையான 'ஒன் பீஸ்' உங்களுள் பலருக்கு அறிமுகமாகியிருக்கும். அந்தக் கதையின் உலகில் தொலைபேசிக்குப் பதிலாக நத்தைகள் இருக்கின்றன. ஓட்டின்மேல் பொருத்தப்பட்ட கருவியை எடுத்துக் கடற்கொள்ளையர்கள் பேசுவார்கள். மறுமுனையில் இருப்பவர் சிரித்தால், நத்தையும் சிரிக்கும். அவர் முகத்தைச் சுளித்தால், நத்தையும் சுளிக்கும். 1922ஆம் ஆண்டில் ஹியூ லாஃப்டிங் எழுதிய டாக்டர் டூலிட்டில் கதையிலோ கண்ணாடி போன்ற ஓடுடைய மாபெரும் கடல் நத்தை ஒன்று வருகிறது. பயணிகள் அதன் ஓட்டுக்குள் அமர்ந்து, கடலடியை வேடிக்கை பார்த்தபடியே ஊர் திரும்புகிறார்கள்.

நத்தையைத் தொலைபேசியாக்கும் எண்ணம் ஓவியக் கதைக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றிவிட்டது. 1850ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் ஜாக் துசேன் பெனுவா என்பவர் 'நத்தைத் தந்தி' ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். ஒருமுறை இணைந்த இரண்டு நத்தைகளை எவ்வளவு தொலைவில் பிரித்து வைத்தாலும் அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத தொடர்பு இருக்குமாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இணை நத்தையை வைத்துக்கொண்டு, இங்கே ஒன்றைத் தொட்டால் அங்கே அதன் துணை அசையுமாம். செய்து காட்டும் நாள் வந்தது. இரண்டு கருவிகளும் ஒரே அறையில் இருந்தன. பெனுவா எதையாவது சாக்காக வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தார். இன்னும் கடுமையான சோதனை வேண்டும் என்று கேட்டபோது அவரைக் காணவில்லை.

பெனுவா சொன்னதை நாம் நம்புவதில்லை. ஓவியக் கதையில் வருவதை மட்டும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். கதை தன்னைக் கதை என்றே சொல்லிக்கொள்கிறது என்பது ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. நல்ல கற்பனை உலகத்தில் ஒரு விலங்கு இருந்தால், அது என்ன தின்னும், எங்கே உறங்கும், யார் அதற்குத் தண்ணீர் காட்டுவார்கள் என்பவற்றையும் எழுத்தாளர் யோசித்திருப்பார். வாசகர் அந்த உலகை நம்புவதற்கு அந்த யோசனைதான் அடித்தளம். அப்படி நாமும் ஒரு நாட்டைக் கட்டிப் பார்ப்போம். அங்கே மாடு, குதிரை எதுவும் இல்லை. மக்கள் மாபெரும் நத்தைகளைப் பழக்கி வளர்க்கிறார்கள். அந்த நத்தைகளால் என்ன பயன்? அவற்றுக்காக அந்த மக்கள் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும்?

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நிலத்தில் வாழும் நத்தைகளில் மிகப் பெரியதாகப் பதிவானது 1976ஆம் ஆண்டில் சியரா லியோன் நாட்டில் பிடிபட்ட ஓர் ஆப்பிரிக்க நத்தை. அதன் ஓட்டின் நீளம் 27.3 சென்டிமீட்டர், எடை 900 கிராம். நம் கதைக்காக அதை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்குவோம். ஓடு 2.73 மீட்டர் நீளமாகும். எடையும் பத்து மடங்குதானே கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்கு கூடுவதால் எடை ஆயிரம் மடங்காகும். 900 கிராம் 900 கிலோகிராம் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு சிறிய காரின் எடை. அந்த எடையைத் தாங்கும் பாதத்தின் பரப்போ நூறு மடங்குதான் பெருகும். ஆகவே, பாதத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிடப் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கை 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலேயே கலிலியோ விளக்கிவிட்டார்.

நத்தைக்கு எலும்பு கிடையாது. உடலுக்குள் இருக்கும் நீர்மமும் அதைச் சூழ்ந்த தசையுமே அதன் உடலை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. 900 கிலோகிராம் எடையுள்ள நத்தை நிலத்தில் எழுந்து நகர்வது மிகக் கடினம். எழுத்தாளருக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. மந்திரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது தவறில்லை, ஆனால் ஒருமுறைதான் எடுபடும். அல்லது நத்தையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்ளும். உலகின் மிகப் பெரிய நத்தை கடலில்தான் வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் வடகடற்பகுதியில் காணப்படும் அந்த நத்தையின் ஓடு 70 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அதன் வெற்று ஓட்டை மக்கள் தண்ணீர் சுமக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாம் ஊதும் சங்கும் ஒரு கடல் நத்தையின் ஓடுதான். எனவே, நம் கற்பனை நாட்டை ஆறுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த நாடாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது வேகம். இங்கிலாந்தின் காங்கம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் நத்தைப் பந்தயம் நடைபெறுகிறது. 1995ஆம் ஆண்டில் ஆர்ச்சி என்ற நத்தை 33 சென்டிமீட்டர் தூரத்தை இரண்டு நிமிடங்களில் கடந்து சாதனை படைத்தது. அதே வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் 10 மீட்டர்கூட முழுதாய்த் தாண்ட முடியாது. 400 மீட்டர் ஓட்டப் பாதையை ஒருமுறை சுற்றி வர 40 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சாதனையாளருக்கே இந்த நிலை! போதாக்குறைக்கு, நத்தை தான் போகும் வழியெல்லாம் பசைநீரைச் சுரந்து, அதன்மீது ஊர்ந்து செல்கிறது. அந்தப் பசைநீரை உற்பத்தி செய்ய உடலின் ஆற்றல் பெருமளவு செலவாகிறது. ஆகவே, போர்க்களத்துக்கு நத்தைமீது ஏறிச் செல்லும் வீரரை நம் கதையில் சேர்க்க வேண்டாம். போர் முடிந்து அமைதி உடன்படிக்கையும் கையெழுத்தான பிறகுதான் அவர் போய்ச் சேருவார்.

வண்டி இழுக்க முடியாவிட்டாலும் நத்தைக்கு வேறு திறமைகள் இருக்கின்றன. அதன் நாக்கு அரம் போன்றது. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைக் கடல் நத்தையின் பல், உயிரினங்கள் உருவாக்கும் பொருள்களிலேயே மிக வலிமையானது என்று 2015ஆம் ஆண்டில் பிரிட்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் நாட்டின் கல்தச்சர்கள் நத்தைப் பல்லால் உளி செய்வார்கள் என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. பசைநீரை வீணாக்கவும் தேவையில்லை. இன்று அது முகப்பூச்சாகக் கடைகளில் விற்கப்படுகிறது.

இவற்றைவிட வியப்பானது நத்தையின் உறக்கம். வறட்சி வந்தால் நத்தை ஓட்டுக்குள் சுருண்டு, வாயிலை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு உறங்கிவிடும். 1846ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து வந்த ஒரு பாலைவன நத்தையை, இறந்துவிட்டதாக எண்ணி, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தினர் அட்டையில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1850இல், அட்டையில் ஏதோ கறை படிந்திருப்பதை ஒருவர் கவனித்தார். நத்தையை வெதுவெதுப்பான நீரில் போட்டார்கள். சற்று நேரத்தில் அது தலையை நீட்டி வெளியே வந்தது! நான்கு ஆண்டுகள் தீனியும் நீரும் இன்றிக் காத்திருக்கும் கால்நடையை எந்த விவசாயிதான் வேண்டாம் என்பார்? பஞ்சக் காலத்தில் கொட்டகை நிறைய நத்தைகள் உறங்க, மழைக்காக ஊரே காத்திருக்கும் காட்சி ஒரு கதைக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில், மனிதர் நத்தையைப் பயன்படுத்திய வரலாற்றில் அதுதான் பெரிய பகுதி. இன்றைய லெபனான் நாட்டிலுள்ள தைர் நகரம் பழங்காலத்தில் ஊதாச் சாயத்துக்குப் புகழ் பெற்றிருந்தது. அந்தச் சாயம் ஒருவகைக் கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து கிடைத்தது. ரோமானியப் பேரரசர்களின் ஆடைகளுக்கு அதே ஊதா நிறம் ஏற்றப்பட்டது. அரசர் அணியும் நிறம் அவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்ததற்குக் காரணம் எளிமையானது. 1909ஆம் ஆண்டில் பால் ஃப்ரீட்லண்டர் என்ற வேதியியலாளர் அந்தச் சாயத்தை ஆராய விரும்பினார். 12,000 நத்தைகளிலிருந்து அவருக்குக் கிடைத்த சாயம் 1.4 கிராம். ஒரு தேக்கரண்டியைக்கூட அது நிரப்பாது. பண்டைய சாயப்பட்டறைகளின் அருகே உடைந்த ஓடுகள் குவியல் குவியலாகக் கிடந்தன.

அதே வேலையை வேறு விதமாகச் செய்தவர்களும் உண்டு. மெக்சிகோவின் ஓஹாக்கா கடற்கரையில் மிஸ்டெக் பழங்குடியினர் கடலலை பின்வாங்கும் நேரத்தில் பாறைகளிலிருந்து நத்தையை மெல்ல எடுப்பார்கள். அதை வருடியோ ஊதியோ தூண்டிவிட்டால் பால் போன்ற நீர் சுரக்கும். அதைப் பருத்தி நூலின்மீது தடவிவிட்டு, நத்தையை ஈரமும் நிழலும் உள்ள பாறை இடுக்கில் திரும்ப வைத்துவிடுவார்கள். நூலில் பட்ட நீர் வெயிலில் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் ஊதாவாக மாறும். மாட்டைக் கறப்பதுபோல இவர்கள் நத்தையைக் கறக்கிறார்கள். தைர் நகரத்தார் செய்தது வேட்டை. ஓஹாக்காவில் நடப்பதோ ஏறக்குறைய வளர்ப்பு. உங்கள் கற்பனை நாட்டு மக்கள் எந்த வகையினர் என்பதை இந்த ஒரு தொழிலைக் கொண்டே வாசகருக்குக் காட்டிவிடலாம்.

இனி, அந்த மக்கள் கொடுக்க வேண்டிய விலை. நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியத்தால் ஆனது, அதாவது சுண்ணாம்பு. ஓடு வளர வளரச் சுண்ணாம்பும் வேண்டும். ஆப்பிரிக்கப் பெருநத்தை சுண்ணாம்பு கிடைக்காதபோது வீட்டுச் சுவரின் காரையையே அரித்துத் தின்னும். நம் வட்டாரத்தில் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றி நத்தை இனங்கள் மிகுதியாக இருப்பதும் இதனால்தான். பத்துமலையும் அப்படிப்பட்ட ஒரு சுண்ணாம்புக் குன்றுதான். அரிசி மணியைவிடச் சிறிய நத்தைகள் இத்தகைய குன்றுகளில் வாழ்கின்றன. அவற்றுள் சில, உலகிலேயே அந்த ஒரு குன்றில் மட்டும் இருப்பவை. பகாங் மாநிலத்தின் புக்கிட் பஞ்சிங் குன்றிலும் அப்படி ஓர் இனம் இருந்தது. சிமெண்டுக்கும் சாலைக்கும் தேவைப்படும் சுண்ணாம்புக்கல் வேண்டி இத்தகைய குன்றுகள் உடைக்கப்படுகின்றன. கல்லுடைப்பில் புக்கிட் பஞ்சிங் தரைமட்டமானது. அந்த நத்தை இனமும் அதோடு அழிந்தது.

2.73 மீட்டர் ஓடுடைய நத்தைகள் மந்தை மந்தையாக வளரும் நாட்டில் எத்தனை குன்றுகள் மிஞ்சும்? நூறாண்டுகளுக்குப் பிறகு அந்நாட்டு வரைபடம் எப்படி இருக்கும்? மலையே இல்லாத சமவெளி, அதில் மலைபோல் குவிந்த வெற்று ஓடுகள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றலாம்.

சுண்ணாம்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மீதம் இருக்கிறது. வளர்ப்பு விலங்குக்கு வேண்டிய குணங்கள் என்னென்ன? விரைவாகப் பெருக வேண்டும். கிடைத்ததைத் தின்ன வேண்டும். எந்த ஊரிலும் வாழ வேண்டும். ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கு இவை மூன்றும் உண்டு. ஒரே நத்தையில் ஆண், பெண் இரு தன்மைகளும் இருப்பதால், இணை சேர்ந்த எந்த நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 200 முட்டைகள். ஓராண்டில் பல தடவைகள். நூற்றுக்கணக்கான செடிவகைகளை அது தின்னும். இவ்வளவு நல்ல கால்நடையை வேலிக்குள் வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

ரோமானியர்களுக்கு அது ஓரளவு தெரிந்திருந்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஃபுல்வியஸ் லிப்பினஸ் என்பவர் நத்தைகளை வகைவாரியாகத் தனித்தனிப் பட்டிகளில் வளர்த்தார் என்று பிளினி எழுதியிருக்கிறார். நத்தைப் பட்டியைச் சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது வார்ரோ என்ற மற்றோர் அறிஞரின் அறிவுரை. இல்லாவிட்டால், குட்டிகளைத் தேடுவதற்கு முன் தாய் நத்தைகளையே தேடி அலைய வேண்டிவரும் என்று அவர் கிண்டலாகச் சொல்கிறார்.

பின்னால் வந்தவர்கள் அந்த அறிவுரையை மறந்துவிட்டார்கள். 1847ஆம் ஆண்டில் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் பெருநத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டார். 1900இல் அவை இலங்கைக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தன. மழைக்குப் பிறகு நடைபாதையிலும் வேலியோரத்திலும் நீங்கள் பார்க்கும் பெரிய பழுப்பு நத்தைகள் அவற்றின் வழிவந்தவைதாம். (அவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு அவற்றின் உடலில் இருக்கலாம்.) 1966ஆம் ஆண்டில் ஹவாயிக்குச் சென்று திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகருக்கு எடுத்துவந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகளில் அங்கே கண்டெடுக்கப்பட்ட நத்தைகள் 18,000க்கும் மேல். அவற்றை ஒழித்து முடிக்கப் பத்து லட்சம் டாலர் செலவானது.

மயாமி பணத்தோடு தப்பியது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தஹித்தித் தீவுகளில் நடந்ததைப் பணத்தால் அளக்க முடியாது. 1967ஆம் ஆண்டில் அங்கே உணவுக்காகப் பெருநத்தைகள் கொண்டுவரப்பட்டன. அவை தோட்டங்களுக்குத் தப்பிப் பயிர்களை அழித்தன. அவற்றைக் கட்டுப்படுத்த, நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தை 1974இல் தருவிக்கப்பட்டது. ரோஜா நிற ஓநாய் நத்தை என்பது அதன் பெயர். அண்டைத் தீவான மூரேயாவிலும் 1977இல் அது விடப்பட்டது. வந்த ஓநாய் நத்தை பெருநத்தைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய பார்த்துலா என்னும் சிறிய மர நத்தைகளை வேட்டையாடத் தொடங்கியது. பார்த்துலாவின் நீளம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அது முட்டையிடுவதில்லை, ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். தீவுப் பெண்கள் அதன் ஓடுகளைக் கோத்து மாலை கட்டுவார்கள். மூரேயா தீவில் ஏழு பார்த்துலா இனங்கள் இருந்தன. ஓநாய் நத்தை வந்த பத்தே ஆண்டுகளில் அங்குள்ள காடுகளில் அவற்றுள் ஒன்றுகூட எஞ்சவில்லை.

ஆய்வாளர்கள் முன்கூட்டியே சில நத்தைகளைச் சேகரித்துப் பிரிட்டன், அமெரிக்க விலங்குத் தோட்டங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நெகிழிப் பெட்டிகளில், வெப்பநிலையும் ஈரமும் கண்காணிக்கப்பட, அவை தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டன. இதுவும் நத்தை வளர்ப்புதான். இதில் மனிதருக்கு இறைச்சியோ சாயமோ கிடைக்காது. எல்லா இனங்களும் பிழைத்துவிடவில்லை. ராயாத்தேயா தீவைச் சேர்ந்த ஓர் இனத்தின் கடைசி நத்தை 1996ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் விலங்குத் தோட்டத்தில் இறந்தது.

பிழைத்தவற்றை 2015ஆம் ஆண்டு முதல் மீண்டும் தஹித்திக்கும் மூரேயாவுக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். விடுவதற்கு முன் ஒவ்வொரு நத்தையின் ஓட்டிலும் ஒரு சிறு வண்ணப்புள்ளி வைப்பார்கள். புற ஊதா ஒளியில் அது மின்னும். நத்தைகள் இரவில்தான் நடமாடுவதால் ஆய்வாளர்கள் விளக்கோடு சென்று அவற்றை எண்ணுவார்கள். 2024ஆம் ஆண்டில் மூரேயா காட்டில் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது, முழு வளர்ச்சி அடைந்த நத்தைகள் சில கண்ணில் பட்டன. அவற்றின் ஓட்டில் வண்ணப்புள்ளி இல்லை. அவை காட்டிலேயே பிறந்தவை.